கல்லூரி மாணவரின் கல்விப் பதிவேடும் அந்தரங்க உரிமையும்: 1974ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு மாணவர் கல்லூரியில் சேர்ந்த நாள் முதலாக அவரைப் பற்றிய கோப்பு ஒன்று வளரத் தொடங்குகின்றது. விண்ணப்பப் படிவம், மதிப்பெண் பட்டியல், ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பு, உதவித்தொகைக்காகத் தரப்பட்ட குடும்ப வருமான விவரம், விரிவுரையாளர் எழுதிய பரிந்துரைக் கடிதம் என அக்கோப்பில் சேரும் தாள்கள் பலவாகும். மாணவர் பட்டம் பெற்று வெளியேறிய பின்னரும் அக்கோப்பு கல்லூரியிலேயே தங்கிவிடுகின்றது. அதனை யார் படிக்கலாம்? அதில் எழுதப்பட்டிருப்பதை மாணவர் அறியலாமா? தவறு இருப்பின் திருத்தக் கோரலாமா? பெற்றோர் கேட்டால் கொடுக்கலாமா? காவல்துறை கேட்டால் என்ன செய்வது? இவ்வினாக்கள் ஆசிரியர் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் என்றேனும் எதிர்கொள்பவையே.

இவ்வினாக்களுக்கு ஒரு நாட்டின் சட்டம் முழுமையாக விடை தர முயன்ற முதன்மையான நிகழ்வாக, அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1974ஆம் ஆண்டு இயற்றப்பட்ட 'குடும்பக் கல்வி உரிமைகள், அந்தரங்கச் சட்டம்' என்பதனைக் குறிப்பிடலாம். அச்சட்டம் தோன்றிய சூழல், அது கல்லூரி மாணவருக்கு அளித்த உரிமைகள், நீதிமன்றங்கள் அதற்கு வகுத்த எல்லைகள், பின்னர் ஏற்பட்ட மாற்றங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கின்றது. நிறைவாக, மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டங்களோடு அது ஒரு சிறு அளவில் ஒப்பிடப்படுகின்றது.

பெற்றோரின் இடத்தில் கல்லூரி

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அமெரிக்கக் கல்லூரி மாணவருக்குத் தனி உரிமை என ஒன்று இருந்ததாகக் கூற இயலாது. கெண்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி, தன் மாணவர் வெளியிலுள்ள உணவகங்களுக்குச் செல்லலாகாது என விதி வகுத்தது. உணவக உரிமையாளர் ஒருவர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1913இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவரின் உடல்நலம், ஒழுக்கம், அறிவுப் பயிற்சி ஆகியவற்றில் கல்லூரி பெற்றோரின் இடத்தில் நிற்கின்றது எனத் தீர்ப்பளித்தது. தந்தை தன் மகனைப் பற்றி மனத்தில் கொண்டுள்ள மதிப்பீட்டை மகனுக்குக் காட்ட வேண்டிய கடப்பாடு இல்லாதது போலவே, கல்லூரியும் தன் கோப்பினை மாணவருக்குக் காட்ட வேண்டியதில்லை என்பதே அக்காலத்து எண்ணமாக இருந்தது.

இவ்வெண்ணத்தை அசைத்தது கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டமாகும். 1960இல் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில், நீதிமன்றக் கட்டடத்தின் உணவகத்தில் அமர்ந்து உணவு கேட்ட கறுப்பின மாணவர் சிலர், எவ்வித விசாரணையும் இன்றி அலபாமா மாநிலக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டனர். 1961இல் 'டிக்சன் எதிர் அலபாமா மாநிலக் கல்வி வாரியம்' என்னும் வழக்கில் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம், வரியால் நடத்தப்படும் கல்லூரி ஒரு மாணவரை ஒழுங்கு மீறலுக்காக நீக்கும் முன்னர் அறிவிப்பும் விசாரணையும் அளித்தாக வேண்டும் எனக் கூறியது. மாணவர் அரசியலமைப்பு உரிமை உடைய குடிமகன் என்னும் கருத்து இத்தீர்ப்பினால் வலுப்பெற்றது. குடிமகன் ஒருவரைப் பற்றி ஒரு நிறுவனம் எழுதி வைத்திருப்பதை அவர் அறியலாமா என்னும் வினா இதன் தொடர்ச்சியாக எழுவது இயல்பேயாகும்.

மதிப்பெண்ணும் போர்க்களமும்

வியட்நாம் போர்க்காலத்தில் இவ்வினா உயிர்ப் பிரச்சினையாக மாறியது. 1966ஆம் ஆண்டில் கட்டாய இராணுவச் சேவைக்கு ஆள் எடுக்கும் அமைப்பு, கல்லூரி மாணவருக்கு விலக்களிப்பதற்குரிய அளவுகோல்களுள் ஒன்றாக வகுப்புத் தரவரிசையை மீண்டும் பயன்படுத்தத் தொடங்கியது. வகுப்பில் கீழ்நிலையில் நின்ற மாணவர் படைக்கு அழைக்கப்படும் வாய்ப்பு மிகுந்தது. கல்லூரி அலுவலகத்தின் இழுப்பறையில் கிடந்த மதிப்பெண், ஓர் இளைஞரைப் போர்க்களத்திற்கு அனுப்பக்கூடிய ஆவணமாயிற்று. அவ்வாண்டு மே மாதம் சிக்காகோ பல்கலைக்கழக மாணவர், தரவரிசையை இராணுவ அமைப்புக்கு வழங்கலாகாது எனக் கோரி நிர்வாகக் கட்டடத்தைக் கைப்பற்றி அமர்ந்தனர். கடுமையாக மதிப்பெண் இடும் பேராசிரியரின் மனச்சான்றும் இதனால் சோதனைக்கு உள்ளாயிற்று என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவையின் அமெரிக்க விரோதச் செயல் விசாரணைக் குழு, போர் எதிர்ப்பு மாணவர் அமைப்புகளின் உறுப்பினர் பெயர்களைக் கேட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்கு ஆணை அனுப்பியது. பல்கலைக்கழகம் அப்பெயர்களைக் கொடுத்தது. மாணவர் கழகங்களைப் பதிவு செய்வதற்காகப் பெறப்பட்ட பட்டியல், அரசியல் விசாரணைக்குப் பயன்பட்டது. ஒரு நோக்கத்திற்காகத் திரட்டப்பட்ட தகவல் வேறொரு நோக்கத்திற்குச் செல்லும்போது தீங்கு விளையும் என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் சான்றாகும்.

இவற்றின் விளைவாகக் கல்வியாளரிடையே மறுசிந்தனை தோன்றியது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமும் வேறு சில கல்வி, மாணவர் அமைப்புகளும் இணைந்து 1967இல் மாணவரின் உரிமைகளும் சுதந்திரங்களும் பற்றிய கூட்டறிக்கை ஒன்றை உருவாக்கின. மதிப்பெண் பதிவேடும் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேடும் தனித்தனியே வைக்கப்பட வேண்டும் என்றும், மாணவரின் அரசியல் செயற்பாடுகளையோ நம்பிக்கைகளையோ காட்டும் பதிவேடு எதுவும் பேணப்படலாகாது என்றும் அது வலியுறுத்தியது. 1970இல் ரசல் சேஜ் அறக்கட்டளை, பள்ளி மாணவர் பதிவேடுகளைத் திரட்டுதல், பேணுதல், பிறர்க்கு வழங்குதல் பற்றிய வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. 1973இல் சுகாதார, கல்வி, நலத்துறை அமைத்த ஆலோசனைக் குழு, கணினிப் பதிவேடுகளும் குடிமக்களின் உரிமைகளும் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. இரகசியமான பதிவேட்டு அமைப்பு என ஒன்று இருக்கலாகாது. தன்னைப் பற்றிய பதிவை ஒருவர் அறியவும் திருத்தவும் வழி இருத்தல் வேண்டும். ஒரு நோக்கத்திற்குப் பெற்ற தகவலை ஒப்புதலின்றி வேறு நோக்கத்திற்குப் பயன்படுத்தலாகாது என்பன அவ்வறிக்கையின் அடிப்படைக் கோட்பாடுகளாகும். பிற்காலத்தில் பல நாடுகளில் எழுந்த தரவுப் பாதுகாப்புச் சட்டங்களுக்கு இவை வித்தாக அமைந்தன எனலாம்.

பக்லி திருத்தமும் பரிந்துரைக் கடிதமும்

1974ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க் மாநிலச் செனட்டர் ஜேம்ஸ் பக்லி, அப்போது விவாதத்தில் இருந்த கல்வித் திருத்த மசோதாவுடன் மாணவர் பதிவேடு பற்றிய பகுதி ஒன்றைச் சேர்க்குமாறு செனட் அவையில் முன்மொழிந்தார். பக்லி பழமைவாதக் கட்சியைச் சார்ந்தவர். அரசின் கை குடும்பத்திற்குள் நீளலாகாது என்பது அவருடைய நோக்கம். போர் எதிர்ப்பு மாணவரின் அச்சமும் பழமைவாதச் செனட்டரின் அச்சமும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தமை இவ்வரலாற்றின் சுவையான கூறாகும். வாட்டர்கேட் ஊழல் நாட்டையே உலுக்கியிருந்த காலமாதலின், இரகசியக் கோப்புகளின் மீது மக்களுக்கு இருந்த ஐயமும் இதற்குத் துணை செய்தது. நிக்சன் பதவி விலகிய சில நாள்களில், 1974 ஆகஸ்டு 21ஆம் நாள், புதிய அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட் இம்மசோதாவில் கையொப்பமிட்டார். நவம்பர் 19ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வருவதாக இருந்தது.

அவையிலேயே சேர்க்கப்பட்ட திருத்தமாதலால், குழு விசாரணையோ கல்வியாளரின் சாட்சியமோ இச்சட்டத்திற்கு முன்னர் நடைபெறவில்லை. அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. பல்கலைக்கழகங்கள் பெரிதும் கலங்கியது பரிந்துரைக் கடிதங்களைப் பற்றியேயாகும். மாணவர் படிக்கமாட்டார் என்னும் நம்பிக்கையில் பல்லாண்டுகளாக எழுதப்பட்ட கடிதங்கள் கோப்புகளில் நிறைந்திருந்தன. அவற்றைத் திறந்து காட்டினால், எழுதியவருக்கு அளித்த வாக்குறுதி என்னாவது? இனிமேல் யார் உண்மையை எழுதுவர்? மாணவர் தம் பெற்றோரின் வருமான விவரங்களையும் பார்க்க நேரிடுமே என்னும் சிக்கலும் எழுந்தது.

இவற்றைத் தீர்க்கும் பொருட்டுப் பக்லியும் ரோட் ஐலண்ட் மாநிலச் செனட்டர் கிளேபோர்ன் பெல்லும் இணைந்து ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தனர். 1974 டிசம்பர் 31ஆம் நாள் கையொப்பமிடப்பட்ட அத்திருத்தம், நவம்பர் 19 முதலே செல்லுபடியாகும் என வகுக்கப்பட்டது. இதன்படி 1975 ஜனவரி 1க்கு முன்னர் கோப்பில் சேர்ந்த இரகசியக் கடிதங்களைக் காட்ட வேண்டியதில்லை. அதன் பின்னர் வரும் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை மாணவர் தாமாக எழுத்து வடிவில் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் சேர்க்கைக்கோ உதவித்தொகைக்கோ அதனை ஒரு நிபந்தனையாக்குதல் கூடாது. பெற்றோரின் நிதி விவரங்களும் மாணவரின் பார்வையிலிருந்து விலக்கப்பட்டன. உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் அமெரிக்க மாணவர் படிவத்தில் காணும் 'உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்' என்னும் கட்டம் இத்திருத்தத்தின் எச்சமேயாகும்.

உரிமையின் உள்ளடக்கம்

இச்சட்டத்தின் உட்பொருளை மூன்று உரிமைகளாகத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, தம் பதிவேட்டைக் காணும் உரிமை. வேண்டுகோள் விடுத்த 45 நாள்களுக்குள் நிறுவனம் அதனைக் காட்ட வேண்டும். இரண்டாவது, தவறான அல்லது திசைதிருப்பும் பதிவைத் திருத்தக் கோரும் உரிமை. நிறுவனம் மறுத்தால் விசாரணை கோரலாம், அதன் பின்னரும் மறுக்கப்பட்டால் தம் விளக்கத்தைக் கோப்பில் இணைக்கலாம். மூன்றாவது, எழுத்து வடிவிலான ஒப்புதலின்றித் தம் பதிவேடு பிறருக்கு வழங்கப்படாதிருக்கும் உரிமை. இவற்றுள் இரண்டாவது உரிமை மதிப்பெண்ணின் நியாயத்தை எதிர்த்து வழக்காடுவதற்கன்று. மதிப்பெண் சரியாகப் பதியப்பட்டதா எனக் கேட்கலாமேயன்றி, ஆசிரியர் அம்மதிப்பெண்ணைத் தந்தது முறையா என இதன்வழி கேட்க இயலாது.

கல்லூரி மாணவரைப் பொறுத்தவரை மிக இன்றியமையாத விதி ஒன்றுண்டு. மாணவர் 18 வயதை அடைந்தாலோ, எவ்வயதினராயினும் உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்தாலோ, பெற்றோரிடம் இருந்த உரிமைகள் யாவும் மாணவரிடமே சென்றுவிடுகின்றன. 1971இல் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டதனை ஒட்டிய மாற்றமாக இதனைக் கருதலாம். கட்டணம் செலுத்தும் தந்தை மகளின் தேர்வு முடிவைக் கேட்டாலும், மகளின் ஒப்புதலே முதன்மையானது. எனினும், வருமான வரிச் சட்டப்படி பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவராயின், நிறுவனம் விரும்பினால் பெற்றோருக்குத் தகவல் அளிக்கலாம். அளிக்கலாம் என்பதே விதி; அளித்தாக வேண்டும் என்பதன்று.

அன்றாட வழக்கங்களையும் இச்சட்டம் மாற்றியது. தேர்வு முடிவுகளைப் பெயருடனோ சமூகப் பாதுகாப்பு எண்ணுடனோ அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பழக்கம் முறையற்றதாயிற்று. திருத்திய விடைத்தாள்களை அறைக்கு வெளியே குவித்து வைத்து, மாணவரே தேடி எடுத்துக்கொள்ளச் செய்வதும் அவ்வாறே. அதே வேளையில், பிறருடன் பகிராது தம் நினைவுக்காக மட்டும் ஆசிரியர் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு கல்விப் பதிவேடு ஆகாது என்பதும் வகுக்கப்பட்டது. பெயர், பாடத்துறை, பெற்ற பட்டம் போன்றவை 'அடைவுத் தகவல்' எனப் பெயர் பெற்றன. மாணவர் மறுப்புத் தெரிவிக்காத வரை அவற்றை வெளியிடத் தடையில்லை.

2002ஆம் ஆண்டின் இரு தீர்ப்புகள்

சட்டம் பிறந்து ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின்னரே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை நேரடியாக ஆராய்ந்தது. 2002 பிப்ரவரியில் வெளிவந்த ஓவாசோ பள்ளி வட்டார வழக்கில், வகுப்பில் மாணவர் ஒருவர் மற்றவரின் தாளைத் திருத்தி மதிப்பெண்ணை உரக்கக் கூறுவது சட்டமீறலா என்னும் வினா எழுந்தது. ஆசிரியர் தம் மதிப்பெண் ஏட்டில் பதிவதற்கு முன்னர் அத்தாள் நிறுவனத்தால் 'பேணப்படும்' பதிவேடு ஆகாது என நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது.

அவ்வாண்டு ஜூன் மாதத்துத் தீர்ப்பு இதனினும் ஆழமான விளைவுடையது. கொன்சாகா பல்கலைக்கழகத்தில் பயின்ற மாணவர் ஒருவர் வாஷிங்டன் மாநிலத்தில் ஆசிரியராக விரும்பினார். அதற்குப் பல்கலைக்கழகத்தின் நன்னடத்தைச் சான்று தேவை. பல்கலைக்கழக அலுவலர் ஒருவர் பிறரின் உரையாடலைத் தற்செயலாகக் கேட்டு, அம்மாணவர் மீது பாலியல் முறைகேட்டுக் குற்றச்சாட்டு இருப்பதாக மாநிலச் சான்றளிப்பு அமைப்பிடம் அவர் பெயருடன் தெரிவித்தார். மாணவருக்கு இது நெடுநாள் தெரியாது. சான்று மறுக்கப்பட்டபோதே அறிந்தார். அவர் தொடுத்த வழக்கில், நடுவர் குழு பதிவேட்டுச் சட்டத்தை மீறியதற்காக மட்டும் 4,50,000 டாலர் வழங்கியது. ஆயினும், உச்ச நீதிமன்றம் எழுவர் இருவர் என்னும் பெரும்பான்மையில் அப்பகுதியை விலக்கியது. இச்சட்டம் கல்வி அமைச்சருக்கு நிதியை நிறுத்தும் அதிகாரத்தைத் தருகின்றதேயன்றி, தனிமனிதருக்கு வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தரவில்லை என்பதே தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பின் சாரமாகும்.

இத்தீர்ப்பின் பின்னர் மாணவர் செய்யக்கூடியது கல்வித் துறையிடம் முறையிடுவது மட்டுமே. ஆனால், ஒரு பல்கலைக்கழகத்தின் கூட்டரசு நிதி முழுவதையும் ஒரு மாணவரின் கோப்பிற்காக நிறுத்துவது நடைமுறையில் எளிதன்று. நிறுத்தினால் துன்புறுவோரும் மாணவரே. எனவே, தண்டனை மிகப் பெரிதாக இருப்பதனாலேயே பயன்படுத்த இயலாததாகிவிட்ட நிலையை இங்குக் காண்கின்றோம். உரிமை ஏட்டில் நிற்க, பரிகாரம் எட்டாத இடத்தில் நிற்கின்றது.

விதிவிலக்குகளின் வளர்ச்சி

மறுபுறம், ஒப்புதலின்றித் தகவல் வழங்கும் வாயில்கள் காலப்போக்கில் பெருகின. 1990ஆம் ஆண்டுத் திருத்தம், வன்முறைக் குற்றத்திற்கு ஆளானவருக்கு ஒழுங்கு விசாரணையின் முடிவைத் தெரிவிக்க இடமளித்தது. 1992இல் வளாகக் காவல் பிரிவின் பதிவேடுகள் கல்விப் பதிவேடு என்னும் வரையறையிலிருந்து நீக்கப்பட்டன. 1998இல், 21 வயதுக்குட்பட்ட மாணவரின் மது, போதைப்பொருள் விதிமீறலைப் பெற்றோருக்குத் தெரிவிக்க அனுமதிக்கப்பட்டது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின்னர் இயற்றப்பட்ட தேசபக்தச் சட்டம், பயங்கரவாத விசாரணைக்காக மாணவருக்கு அறிவிக்காமலேயே நீதிமன்ற ஆணையின்வழி பதிவேட்டைப் பெற வழிவகுத்தது. 1966இன் அச்சம் வேறு வடிவில் திரும்பியது எனில் மிகையாகாது.

2007 ஏப்ரல் 16ஆம் நாள் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் 32 பேரைச் சுட்டுக் கொன்ற கொடுமை, இவ்வரலாற்றின் மறுபக்கத்தைக் காட்டியது. அம்மாணவரின் மனநிலை பற்றிப் பேராசிரியர், விடுதி அலுவலர், காவல் பிரிவினர் எனப் பலரும் ஒவ்வொரு பகுதியை அறிந்திருந்தனர். முழுமையாக அறிந்தவர் எவருமில்லை. அந்தரங்கச் சட்டங்களைப் பற்றிய தவறான புரிதலே தகவல் பகிர்வைத் தடுத்த காரணங்களுள் ஒன்று என மாநில ஆளுநர் அமைத்த ஆய்வுக் குழு கண்டது. உண்மையில், ஆபத்து வேளையில் தகவல் பகிர்வதனைச் சட்டம் அதற்கு முன்னரும் தடுக்கவில்லை. ஆசிரியர் தாம் நேரில் கண்டதைப் பிறரிடம் கூறுவது பதிவேட்டை வெளியிடுவதும் ஆகாது. 2008 டிசம்பரில் கல்வித் துறை விதிகளைத் திருத்தி, ஆபத்து வேளையில் நிறுவனத்தின் முடிவுக்கு மேலும் இடமளித்தது. சட்டத்தை அறியாமல் அஞ்சி மௌனம் காப்பதும், அறியாமல் வாரி வழங்குவதும் ஒருசேரத் தீங்கு பயப்பவை என்பதே இதனால் பெறப்படும் படிப்பினை.

காணும் உரிமையும் அதன் வலிமையை முற்றும் இழந்துவிடவில்லை. 2015ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் இச்சட்டத்தைப் பயன்படுத்தித் தம் சேர்க்கைக் கோப்புகளைக் கேட்டுப் பெற்று, தேர்வாளர்கள் தம்மைப் பற்றி எழுதிய குறிப்புகளைப் படித்தனர். அதன் பின்னர் சில கல்வி நிறுவனங்கள் அத்தகைய குறிப்புகளைச் சேர்க்கை முடிந்ததும் அழித்துவிடும் வழக்கத்தை மேற்கொண்டன. இல்லாத பதிவேட்டைக் காட்டுமாறு சட்டம் கட்டாயப்படுத்த இயலாதன்றோ!

மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டங்களுடன் ஒப்பீடு

மலேசியாவில் மாணவர் பதிவேட்டுக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்படவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வணிகப் பரிமாற்றம் சார்ந்த தரவுகளையே அது தழுவுகின்றது. கூட்டரசு, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்துவதில்லை. தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் அதன்கீழ்ப் பதிவு செய்ய வேண்டிய பிரிவினருள் சேர்க்கப்பட்டன. ஆகவே, மாணவர் என்னும் நிலையைவிட வாடிக்கையாளர் என்னும் நிலையிலேயே அவருக்குப் பாதுகாப்புக் கிட்டுகின்றது எனலாம்.

சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டு, அதன் முதன்மை விதிகள் 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. பொதுத்துறை அமைப்புகளுக்கு அது பொருந்தாது. மேலும், தேர்வு விடைத்தாள்களையும், மதிப்பீட்டு நோக்கத்திற்காகவே வைக்கப்படும் கருத்துரைகளையும் காட்ட வேண்டியதில்லை என அது விலக்களிக்கின்றது. அமெரிக்கச் சட்டமோ மாணவர் தாமாக விட்டுக்கொடுத்தாலன்றி, தம்மைப் பற்றிய கருத்துரையைக் காணும் உரிமை அவருக்கு உண்டு என்கின்றது. ஒன்று எழுதுபவரின் வெளிப்படையான கருத்தைக் காக்கின்றது; மற்றொன்று எழுதப்படுபவரின் அறியும் உரிமையைக் காக்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றை நோக்குமிடத்து, மாணவரின் அந்தரங்க உரிமை என்பது மறைத்தலுக்கான உரிமையாக மட்டும் தோன்றவில்லை என்பது புலனாகின்றது. தம்மைப் பற்றிப் பிறர் எழுதியதைக் காணும் உரிமையாகவே அது முதலில் எழுந்தது. நீக்கப்பட்ட அலபாமா மாணவரும், தரவரிசையை அனுப்பாதீர் எனக் கோரிய சிக்காகோ மாணவரும், சான்று மறுக்கப்பட்ட ஆசிரியப் பயிற்சி மாணவரும், தம் முதுகுக்குப் பின்னால் எழுதப்பட்ட அல்லது பேசப்பட்ட சொல்லினால் வாழ்வு திசைமாறியவர்கள் அல்லது மாறக்கூடும் என அஞ்சியவர்கள். அமெரிக்கச் சட்டம் இவர்களுக்கு உரிமையை வகுத்தது. ஆனால் அதனை நிலைநாட்டும் வழியை முழுமையாகத் தரவில்லை.

பரிகாரம் நலிந்துள்ள இடத்தில், உரிமை நிலைபெறுவது பதிவேட்டைக் கையாள்வோரின் நடத்தையைப் பொறுத்ததாகின்றது. நம் நாட்டிலும் பெற்றோர் தொலைபேசியில் அழைத்து, வளர்ந்த பிள்ளையின் தேர்ச்சி நிலையைக் கேட்பது இயல்பான நிகழ்வு. அதில் அன்பும் அக்கறையும் உண்டு. மறுமொழி கூறும் ஆசிரியரும் நல்லெண்ணத்துடனேயே கூறுகின்றார். எனினும், "உங்கள் பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்னும் ஒரு விடை, அப்பிள்ளையைப் பொறுப்புடைய மனிதராக மதிக்கின்றது. நற்சான்று எழுதும்போதும், அதனை மாணவர் ஒருநாள் படிக்கக்கூடும் எனக் கருதி எழுதுதல் நன்று. சட்டம் கட்டாயப்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும், மாணவரின் முகத்துக்கு நேரே கூற இயலாத ஒன்றை அவருடைய கோப்பில் எழுதாதிருப்பது ஆசிரியரின் கடப்பாடாகும் என்பது இவ்வாய்வின் முடிபாகும்.